உள்ளூர் விடுமுறையும் பத்து சதவீதமும்

என் மகளுக்கு முன்பு வந்த வரன் என் வாயால்தான் தட்டிப்போனது என்பது மனைவியின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்த்துவிட்டு, தளவாய்புரத்து மாப்பிள்ளைப் பையனையும் அவன் தாயாரையும் ராஜபாளையத்தில் ஒரு ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனபோதே எச்சரித்துவிட்டாள்: "திங்கதுக்கு மட்டும் வாயைத் தொறங்க. போதும்."

இலை எடுக்கும்வரை ஒழுங்காகவே இருந்தேன். பையனுக்குக் கருவூலத்தில் வேலை. அடக்கமாகப் பேசினான். மகள் இரண்டு முறை சிரித்தாள். நல்லபடியாக நடக்கும் எதுவும் என்னைப் பயமுறுத்தும்.

பில் வந்தது. மொத்தத்துக்கு மேலே 'விடுமுறை தினக் கூடுதல் கட்டணம் பத்து சதவீதம்' என்றிருந்தது. விலைப்பட்டியலில் அப்படியொன்று இல்லை. வாசலிலும் எழுதிப் போடவில்லை. மேசைக்கு அடியில் மனைவியின் குதிகால் என் பாதத்தின் மேல் ஏறியது. பர்ஸைத் திறந்தேன். பேசாமல் கொடுத்திருக்க வேண்டும்.

"இது என்னப்பா?"

"லீவு நாள் சார்ஜ் சார். ஜில்லாவே லீவுல்லா," என்றார் சர்வர்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு. முப்பத்து நான்கு வருடம் கலெக்டர் ஆபீசில் இந்த விடுமுறை ஆணையைத் தட்டச்சுக்கு அனுப்பியவன் நான். இது உள்ளூர் விடுமுறை, வங்கிகளை மூடவைக்கும் செலாவணி முறிச் சட்டப்படி பொது விடுமுறை ஆகாது, ஒரு சனிக்கிழமை வேலை பார்த்து ஈடுகட்ட வேண்டும் என்று வரிசையாக ஒப்பித்தேன். அதோடு நிறுத்தவில்லை.

"ஏன், இன்னைக்குக் கருவூலமே தொறந்திருக்கணும். அவசர வேலைக்குன்னு ஆள் போட்டு வச்சிருப்பாங்க. வேணும்னா தம்பிகிட்டயே கேளுங்க!"

திரும்பினேன். தம்பியின் முகம் வெளுத்திருந்தது.

"மாமா," என்றான் மெல்ல. "அந்த டூட்டியே எனக்குத்தான். செத்த நேரத்துல வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவன் வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மனைவி என் பாதத்திலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது.

பத்து சதவீதத்தையும் சேர்த்துக் கட்டினேன். சில்லறைகூட வாங்கவில்லை. அதற்குள் பையன் கையைக்கூடத் துடைக்காமல் பைக்கைப் பார்த்து ஓடினான்.

"ஏலே, மெதுவாப் போ! போன வேலை திரும்பி வரும், போன காலு வராது," என்று அவன் தாயார் பின்னாலிருந்து கத்தினார். பிறகு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"நிச்சயத்துக்கு நாள் பாத்தா, நல்ல கவர்மெண்டு லீவாப் பாருங்க அண்ணாச்சி. உங்க வீட்டுக்கு வார பிள்ளை டூட்டிக்கு டிமிக்கி குடுத்துட்டு வர முடியாதுல்லா."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அது சம்மதமா, குத்தலா? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அடக்க முடியாமல் மகளிடம் கேட்டேன். அவள் போனில் இந்த வருடத்து அரசு விடுமுறைப் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தாள்.