கல் வளைவுக்குக் கீழே சவுண்ட் பெட்டி

2013 மாரிகாலம். பாரிஸ் லா சப்பலில், ரூ பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மன்னாரில் அம்மா மோசம் போயிட்டா, கண்ணை மூடிவிட்டா. எனக்குப் பிரான்சில் தங்க விசா கிடைக்காத நேரம்; போனால் திரும்பி வர ஏலாது. போய் முகம் பார்க்க முடியவில்லை. 31ஆம் நாள் பூசையிலாவது அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும், ஊரிலிருக்கும் அக்கா அதைப் போனில் கேட்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பூசைக்குக் கிடைத்தது இடைக்காலத்துக் கோதிக் தேவாலயம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து உளையும். மெல்லிய கல் தூண்கள் நெடுக மேலே போய், கிளை பிரிந்து, கூரையில் கூர்வளைவாக ஒன்றையொன்று தொடும். நிறக் கண்ணாடி யன்னல்கள் வேறு. அதையெல்லாம் ரசிக்க விட்டாரா என் அண்ணை? ஆள் உயரச் சவுண்ட் பெட்டிகளை எங்கேயோ இரவல் வாங்கி வந்து தூணடியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உந்தப் பெரிய கோயிலுக்கு மைக் இல்லாட்டி ஆருக்கடி கேக்கும்?"

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டால்தானே! எங்கடை ஆட்களுக்குப் பிறந்தநாள் என்றாலும் செத்தவீடு என்றாலும் பெட்டி அலற வேண்டும்.

என் முறை வந்தது. மைக்கில் "அம்மா" என்று தொடங்கினேன். அந்தச் சொல் வளைவெல்லாம் ஏறி, கல்லில் முட்டி முட்டித் திரும்பி வருவதற்குள் நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒரே இரைச்சல். கையிலிருந்த போனில் அக்கா கத்தினா. "என்னடி, தண்ணித் தொட்டிக்குள்ள நிண்டு கதைக்கிறியே? ஒண்டும் விளங்கேல்லை!" அண்ணையோ சவுண்டை இன்னும் கூட்டினார். எனக்கு வந்ததே ஒரு விசர்! நேரே போய் வயரைப் பிடுங்கிவிட்டேன். பூசை வைத்த சுவாமியார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

பிறகு வெறும் வாயால் பேசினேன். ஒரு வசனம் சொல்லி, அது மேலே போய் அடங்கும்வரை நின்று, பிறகுதான் அடுத்தது. அவசரப்பட அந்தக் கட்டடம் விடாது. "ஓம், இப்ப கேக்குது" என்றா அக்கா. அடுத்த வசனம் அடங்கியபோது போனில் அவ விக்கி அழுவது கேட்டது. அதற்கடுத்ததில், செத்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அண்ணை மூக்கை உறிஞ்சினார்.

அண்ணை இன்னும் திருந்தவில்லை. போன மாதம் தன் மகளின் பிறந்தநாளிலும் என் காது கிழிந்தது. இனி அவரைத் திருத்தவும் ஏலாது. ஆனால் இரண்டு நாட்டில் பிரிந்து கிடந்த நாங்கள் மூன்று பேரும் அம்மாவுக்காகச் சேர்ந்து அழுதது, அன்றைக்கு நான் வாய்மூடிக் காத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரங்களில்தான்.