சிலிண்டர் வந்த காட்சி

அந்த இயக்குநர் ஆக்லாந்துக்கு வருவதே என்னை மாட்டிவிடத்தான் என்று நான் முழுமனதாக நம்பினேன். சிரிக்காதீர்கள். விருதுகள் வாங்கிய ஒரு மலையாள இயக்குநர், முழங்கால் வலியோடு, விமானம் மாறி விமானம் ஏறி, ஏவன்டேலில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பெயின்ட் கடைக்காரனின் மானத்தை வாங்குவதற்காகவே வருகிறார் என்று நம்ப எவ்வளவு தலைக்கனம் வேண்டும்! என்னிடம் இருந்தது. பயந்தாங்கொள்ளிகளிடம் அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

இளவயதில் மூன்று வருடம் அவரிடம் உதவி இயக்குநராக இருந்தேன். நான் நாகர்கோவில்காரன், மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அப்போது அவர் கையில் ஓடாத படம் ஒன்று இருந்தது, வேறொன்றும் இல்லை. சினிமாவுக்கு முன்பு ஒரு நாடகக் குழுவில் விளக்குப் போடுகிறவராக இருந்தவர். அதனால் அவர் படத்தில் எல்லார் முகமும் பாதி இருட்டில்தான் இருக்கும். "ஏன் சார், கரண்ட் பில் கட்டலையா?" என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவர் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. காலையில் லாட்ஜ் அறையில் எல்லாருக்கும் பால் விடாத கட்டன் சாயா வரும். குடித்து முடிப்பதற்குள் உதவியாளர்கள் ஆளுக்கொரு சம்பவம் சொல்ல வேண்டும். கற்பனை கூடாது, அவரவர் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மூடிய கண் மூடியபடியே இருந்தால் உங்கள் கதை போச்சு. கண்ணைத் திறந்தால் அது படத்தில் வரும். அறையில் சொன்னது படத்துக்குச் சொந்தம், யார் சொன்னது என்ற பேச்சே அப்புறம் கிடையாது. அது பெரிய தத்துவம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். எங்களுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை; வீட்டுக் கதையில் பங்கு கேட்க வீட்டில் ஆளில்லை.

ஒருநாள் நான் என் அப்பா செத்த அன்று நடந்ததைச் சொன்னேன். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்கிறது. அம்மா அவர் நெஞ்சில் தலையைப் போட்டு அழுதுகொண்டிருக்கிறாள். வாசலில் கேஸ் சிலிண்டர்காரன் வந்து நிற்கிறான். திருப்பி அனுப்பினால் மறுபடி எப்போது வரும் என்பது கடவுளுக்கும் ஏஜென்சிக்கும்தான் தெரியும். அம்மா எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். சிலிண்டர் வாயில் சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். குமிழ் வந்தது, கேஸ் கசிகிறது. "சாவு வீடுன்னா கண்ணு தெரியாதுன்னு நெனச்சியால? வாஷர மாத்து" என்றாள். மாற்றியதும் மறுபடி ஊற்றிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

அவர் கண்ணைத் திறந்தார். எனக்கு மட்டும் இன்னொரு கட்டன் சாயா வரவழைத்தார்.

அந்தப் படம் வெளிவருவதற்குள் நான் சினிமாவை விட்டுவிட்டேன். கல்யாணம், மனைவியின் நர்ஸ் வேலை, அவள் விசாவில் தொற்றிக்கொண்டு நியூசிலாந்து. படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. சிலிண்டர் காட்சியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் ஆக்லாந்தின் நியூ லின் பகுதிக் கடையில் வெள்ளைப் பெயின்டுக்கும் இன்னும் கொஞ்சம் வெள்ளையான பெயின்டுக்கும் வித்தியாசம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேக் வெட்டி முடிவதற்குள் அந்தக் காட்சியை இழுத்துவிடுவேன். "அது எங்க அம்மா" என்பேன். யாரும் நம்பவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, நானாக இருந்தாலும் என்னை நம்ப மாட்டேன். என் மகள் நம்பாததுதான் உறுத்தியது. இங்கேயே பிறந்தவள். அவளுக்கு ஆச்சி என்றால் போனில் "சாப்ட்டியா மக்கா?" என்று கேட்கும் ஒரு குரல், அவ்வளவுதான். கோவிடில் எல்லைகள் மூடிக்கிடந்த காலத்தில் அந்தக் குரலும் போயிற்று. அம்மாவின் சாவை நான் அடுக்களையில் நின்று போனில் பார்த்தேன். அதன் பிறகு அந்தக் காட்சியை மகளுக்குப் போட்டுக் காட்டி, "இதுதான் உங்க ஆச்சி" என்றேன்.

"அது ஆக்ட்ரஸ், அப்பா."

"நடிக்கிறது நடிகை. செஞ்சது ஆச்சி."

"ப்ரூஃப் இருக்கா?"

என் ப்ரூஃப் திருவனந்தபுரத்தில் இருந்தது. இப்போது அது விமானம் ஏறி வருகிறது. மலையாளிகள் சங்கம் படத்தைத் திரையிட்டு, முடிந்ததும் அவரோடு கலந்துரையாடல் வைத்திருந்தார்கள். என்னோடு கடையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து நண்பர்தான் செய்தியைக் கொண்டுவந்தார்.

"என்னப்பா, மனுசன் வாறாராம். நீர் இவ்வளவு நாளும் கதைச்சதெல்லாம் மெய்யோ பொய்யோ எண்டு இனித் தெரிஞ்சிடும்."

"மெய்தான் ஓய்."

"ஓம் ஓம். பிறகேன் டின்னைப் பாக்காம என்னைப் பாக்கிறீர்? பெயின்ட் ஊத்துது பாரும்."

பெயின்ட் ஊற்றிக்கொண்டுதான் இருந்தது. இயக்குநருக்கு என்னை அடையாளம் தெரியாவிட்டால்? 'யாரிவன்?' என்று மேடையில் கேட்டுவிட்டால்? அவரிடம் வேலை செய்தபோது எனக்குத் தலைமுடியும் மீசையும் இருந்தன. முடிக்கு வழியில்லை. மீசையை வளர்த்தேன். "என்னங்க, லஞ்சம் வாங்குற ஏட்டு மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி. கோவிட் வந்தால் தப்பிக்கலாம் என்று மூக்கைக் குடைந்து சோதித்துப் பார்த்தேன். ஒற்றைக் கோடு. ஊரெல்லாம் சும்மா வந்த நோய் எனக்குக் கேட்டும் வரவில்லை. போதாததற்குச் சங்கத்துக்காரர் போன் செய்தார். இயக்குநர் மேடையில் மலையாளம்தான் பேசுவாராம், பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் சொல்ல ஆள் வேண்டுமாம். "நீங்க அவர்கூட இருந்தவராச்சே!" என்றார். அந்த 'ஆச்சே'யில் இருந்த குத்தலை நான் கவனித்தேன்.

திரையிடல் அன்று இயக்குநரை அழைத்துப்போக, த்ரீ கிங்ஸில் அவர் தங்கியிருந்த வீட்டுக்குக் குடும்பத்தோடு காரில் போய்க் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடா, நீயோ! இந்த மீசை அன்னைக்கே உனக்குச் சேரலையே."

எனக்குக் கால் தரையில் இல்லை. கிளாப் பலகையைப் பஸ்ஸில் மறந்துவிட்டு வந்தேனே, அதை நினைவு வைத்திருந்தார். பரோட்டா தின்றே யூனிட்டை ஓட்டாண்டியாக்கினேன் என்று வழியெல்லாம் என் மனைவியிடம் புகார் சொன்னார். பிறகு ஒரு சிக்னலில், "இப்போ ஒருத்தனும் கதை கேக்கலடா. நடிகன் யாருன்னு கேக்குறான். சும்மா இருக்கேன்" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிலிண்டர் பேச்சைக் காரிலேயே எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. மேடையில் வரட்டும், மைக்கில் வரட்டும், மகள் காதில் நன்றாக விழட்டும் என்று பேராசைப்பட்டேன்.

படம் முடிந்தது. நான் அவர் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வரிசையில் நண்பர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கேட்டது என் மகள்தான். எழுந்து நின்று, அந்த சிலிண்டர் காட்சி எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள். எனக்காகத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது. கேள்வியை மலையாளத்தில் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது என்டெ அம்மயாணு" என்றார்.

தன் அப்பா இறந்த அன்று நடந்தது என்றார். அம்மா பச்சைச் சேலை கட்டியிருந்தாள் என்றார். வெளியே விடாத மழை என்றார். எங்கள் வீட்டில் அன்று மழை இல்லை, சித்திரை வெயில். மழையும் பச்சைச் சேலையும் படத்தில்தான் இருந்தன. அவர் தன் படத்தையே தன் வீடாக நினைவு வைத்திருந்தார். கண்ணைத் திறந்தபோது கண் ஈரமாக இருந்தது. அவர் தயாரிப்பாளர்களிடம் பொய் சொல்வதைப் பலமுறை பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பொய் சொல்லும்போது அந்த முகம் இப்படி இருக்காது.

மைக் என் வாயருகே இருந்தது. அரங்கம் காத்திருந்தது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் என்னிடம் இருந்தது, அதை நான் எல்லாப் பிறந்தநாள் வீட்டிலும் சொல்லித் தீர்த்திருந்தேன்.

"அது தன்னுடைய அம்மா என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பச்சைச் சேலையையும் மழையையும் சொன்னேன். வாஷரை மாற்றச் சொன்னதை அவர் மறந்துவிட்டிருந்தார். அதை நானே சேர்த்துச் சொன்னேன். அரங்கம் சிரித்தது. பிறகு வெகுநேரம் கைதட்டியது. நண்பர் மட்டும் தட்டாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போதும் அவர் எங்கள் காரில்தான் வந்தார். த்ரீ கிங்ஸ் வந்தது. அவர் இறங்குவதற்குக் கதவைத் திறந்தார். பின்சீட்டிலிருந்து என் மகள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"உங்கள் அம்மாவைப் பார்க்கத் தனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்கிறாள்" என்று மலையாளத்தில் சொன்னேன்.

அவர் அவள் தலையில் கைவைத்து, "நல்ல மோள்" என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிரவே நான் மீசையை எடுத்துவிட்டேன். என்னை அவர் கடைசிவரை சரியாகவே நினைவு வைத்திருந்தார். என் அம்மாவைத் தன் அம்மா என்று சொன்னார். அதை நான் மொழிபெயர்த்தேன்.