மைக்கில் வந்த பதில்

மரக்காணத்தில் எங்கள் சபை தொடங்கியது எங்கள் வீட்டு ஹாலில்தான். நானும் மனைவியும் உப்பளத் தொழிலாளிகள் சிலரும் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபித்தோம். காய்ச்சல் போனது, வயிற்றுவலி நின்றது என்று சாட்சி சொல்லச் சொல்ல ஆட்கள் பெருகினார்கள். சில வருடங்களில் உப்பளத்துக்குப் போகும் வழியில் தகர ஷெட் போட்டுச் சொந்தமாக ஆலயம் கட்டினோம்.

திறப்பு நாளில் கூட்டம் வெளியே வரை நின்றது. ஆரம்பத்திலிருந்தே வரும் செல்லம்மாவை மேடைக்குக் கூப்பிட்டேன். உப்பின் கூசும் வெளிச்சத்திலேயே உழைத்துப் பார்வை மங்கிப்போனவர். அவர் கண்மேல் கை வைத்து உரக்க ஜெபித்தேன். சபையே ஆவியில் நிறைந்து, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் முழங்கியது. பிறகு மைக்கை நீட்டினேன்.

"இப்போ தெரியுதாம்மா?"

"தெரியலீங்க பாஸ்டர்."

பின்னால் வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டு நின்றுவிட்டது. எனக்கு முகம் எரிந்தது. ஒரு ஆமா சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் முதலில் நினைத்தேன்.

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு முன்னெல்லாம் தெரியுதுன்னு சொல்லிடுவேன். ஆண்டவர் வீட்டைத் தொறக்கிற நாள்ல பொய் சொல்ல வாய் வரலீங்க" என்றார்.

மறுநாளே புதுச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போனோம். ஆபரேஷனில் ஒரு கண்ணுக்குப் பார்வை வந்தது. மற்றதற்குக் காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். கட்டுப் பிரித்ததும் செல்லம்மா என்னை உற்றுப் பார்த்தார். "ரொம்ப சின்ன வயசா இருக்கீங்களே" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போதும் கை வைத்து ஜெபிக்கிறேன். விசுவாசம் குறையவில்லை. ஆனால் மைக்கை நீட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்கிறேன். "இன்னும் வலிக்குது பாஸ்டர்" என்று சொல்ல யாரும் பயப்படாத சபை வேண்டும் என்பதே இன்று என் ஜெபம்.