ஹேமாவதி பேரில் ஒரு நோட்டு

முப்பத்தெட்டு வயது ஹேமாவதிக்கு புராஸ்டேட் வீங்கியிருப்பதாக நோட்டில் எழுதியிருந்தது. டாக்டர் மைதிலி அதை வாசித்துக் காட்டினார். என்ன வியாதி என்றே தெரியாமல் ஹேமாவதி பயந்தாள்.

"இது ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்றதும்மா," என்றார் டாக்டர்.

"அப்போ எங்க மாமனாருதா இருக்கும் டாக்டர்."

பருத்திப்பட்டில் அந்த கிளினிக்கை நடத்தியவர் மைதிலியின் அப்பா வீரராகவன். போன வருடம் காலமானார். ஒவ்வொருவருக்கும் ஒரு நீள நோட்டு போட்டு வைப்பது அவர் வழக்கம். புது நோட்டுக்கு ஐம்பது ரூபாய். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு நாலு நோட்டு எதற்கு என்று ஹேமாவதி தன் பேரில் ஒன்றே ஒன்று போட்டாள். மாமனார், புருஷன் பாபு, பையன் வினோத், யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் அந்த நோட்டுதான். பெரிய டாக்டருக்கு எல்லோர் முகமும் தெரியும், அதனால் யாருக்கு என்று எழுதமாட்டார். இப்படிப் பன்னிரண்டு வருடமாக ஒரு குடும்பத்து வியாதியெல்லாம் இவள் தலையில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஐம்பது ஐம்பதாக மிச்சம் பிடித்த கெட்டிக்காரத்தனம் இப்போது கழுத்தைப் பிடித்தது.

திங்கட்கிழமை அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர வேண்டும். அந்த வீட்டுக்குள் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்து வருடக்கணக்காகிறது. கொரோனா சமயத்தில் பாபுவுக்கு லேத் வேலை போனதிலிருந்து கிடைத்த வேலைக்குப் போய் வருகிறான். கம்பெனி கேட்டது ஒரே ஒரு தாள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், இவளுக்கு முன்பு என்னென்ன வியாதி இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தாள் இல்லையென்றால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

"சர்டிபிகேட்டுக்கு முந்நூறு ரூபாம்மா."

"உங்கப்பா காசே வாங்கமாட்டாரு டாக்டர். நல்லாத்தான் கீறே, போன்னு போட்டுக் குட்த்துடுவாரு."

"கையெழுத்துக்கு நான் காசு கேக்கலம்மா. இதுல தப்பா எழுதினா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. நோட்டு முழுக்கப் படிச்சுப் பாக்கணும். அந்த வேலைக்குத்தான்."

படிக்கிறதுக்கெல்லாமா காசு என்று ஹேமாவதிக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் பக்கம் பக்கமாக அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்பாவின் கிறுக்கலைப் படிப்பதைப் பார்த்ததும் முந்நூறு குறைவோ என்றுகூடத் தோன்றியது.

வீசிங் வினோத்துக்கு. மூலம் மாமனாருக்கு. ஒரு வருடம் பொங்கல் சமயத்தில் வந்த டைபாய்டு யாருக்கு? கேன்டீன் வேலைக்கு வருகிறவளுக்கு டைபாய்டு என்று எழுதினால் கம்பெனிக்காரன் தெருவில் விட்டுவிடுவான். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பாபுவுக்கா, தனக்கா? அந்த வருடம் பொங்கல் வைத்தது யார்? ஒரு கட்டத்தில் தன் உடம்பில் இதுவரை என்னதான் வந்தது என்பதே அவளுக்கு மறந்துபோனது. ஷேர் ஆட்டோவில் பாபு அவள் தோளில் சாய்ந்து நடுங்கிக்கொண்டு வந்தது திடீரென்று ஞாபகம் வர, "எங்க ஊட்டுக்காரருக்கு," என்று நிம்மதியாகச் சொன்னாள்.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, ஆகஸ்ட் மாசம்." மைதிலி வாசித்தார். "தூக்கம் இல்லை. வேலை போய் நாலு மாசம். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிறார். அடுத்த முறை மனைவியைக் கூட்டி வரச்..."

அதோடு நிறுத்திவிட்டார். "மன்னிச்சிடுங்கம்மா. நான் இதைச் சத்தமாப் படிச்சிருக்கக் கூடாது."

மனைவி என்றால் தான்தான் என்று புரிய ஹேமாவதிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளை யாரும் கூட்டி வரவில்லை. அந்த ஆகஸ்டில் பாபு சாயந்திரமானால் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வான். வேலை தேடத் துப்பில்லை, காத்து வாங்கக் கிளம்பிட்டியா என்று தினம் தினம் அவள் வாசலிலேயே நின்று கத்தியிருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்புறம் வந்தாராங்க அவரு?"

மைதிலி நோட்டை மூடிவைத்தார். "அதை நீங்க அவரைத்தாம்மா கேக்கணும்."

சர்டிபிகேட்டில் ஹேமாவதிக்குக் குறிப்பிடும்படியான வியாதி எதுவும் இருந்ததில்லை என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அவள் முந்நூறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பாபு வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தான். "குட்த்தாங்களா? உனுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"எனுக்கு ஒண்ணும் இல்லியாம்." ஹேமாவதி வண்டியில் ஏறவில்லை. "உனுக்கு இப்போ தூக்கம் வருதாயா?"

பாபு அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு கிளினிக் கதவைப் பார்த்தான். கையை நீட்டி இன்ஜினை அணைத்தான்.