துரைசாணியின் தொப்பி

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்காரத் துரை பங்களாவில் அப்பா கோக்கி வேலை பார்த்தார். சமைப்பதும் பரிமாறுவதும் அவர்தான். அன்று என்னையும் கூட்டிப்போய், அடுப்படியைவிட்டு அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார். சொன்னதைக் கேட்கிற பிள்ளையா நான்? மெல்ல உள்ளே நுழைந்து, துரைசாணியின் தொப்பியை எடுத்து, தேங்காய் எண்ணெய் வழிகிற தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் துரைசாணி தெரிந்தார்.

"குட் கிரேஷஸ்!" என்றார். அவ்வளவுதான். தொப்பியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"டேம்னு சொன்னாங்களா?"

"இல்லப்பா."

"பிளடின்னாவது?"

"அதுவும் இல்லப்பா."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பதினோரு வருடமாகத் துரைமாரிடம் விதவிதமாக வசவு வாங்கியவர். டேம் என்றால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும் என்று அவருக்குத் தெரியும். இந்த வார்த்தை தெரியாது. பத்துச்சீட்டைக் கொடுத்து நிறுத்திவிட்டால் வேலையோடு லயத்து வீடும் போய்விடும். அம்மா செபமாலையை எடுத்தாள். நான் அர்த்தம் கேட்கப் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன்.

வாத்தியார் சிரித்தார். "ஆண்டவர் பேர வீணா சொல்லக்கூடாதுன்னு கட்டளை இருக்கில்ல? அதுக்குப் பயந்து அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க 'கிரேஷஸ்'னு அவரோட கருணைய மட்டும் சொல்லிப் பழகிட்டாங்க. 'காஷ்'ங்கிறாங்களே, அதுவும் 'காட்'ங்கிற கடவுள் பேரக் கொஞ்சம் மாத்திச் சொல்றதுதான். நாம 'அம்மாடி'ங்கிறோமே, அந்த மாதிரி. வசவே இல்ல புள்ள, பயப்படாம போ."

கருணை, கருணை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடிவந்தேன். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "சொல்லும்போது சிரிச்சாங்களா?" என்றார். இல்லை என்றேன்.

மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளை பத்துச்சீட்டைக் கொண்டுவந்தார். "தொர கோவமா ஒண்ணும் பேசலங்க. தன்மையாத்தான் சொன்னாரு" என்று அப்பாவுக்கு ஆறுதல் வேறு.

அப்பா பாயைச் சுருட்டினார். "அது அம்மாடி மாதிரிதானேப்பா?" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்துக் கேட்டேன்.

வாத்தியார் தப்பான அர்த்தத்தைச் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று பல வருடம் அவர்மேல் கோபமாக இருந்தேன். பாவம், அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.