இருசப்பன் குடிக்கவில்லை

இருசப்பன் குடிகாரன் என்பதில் மரக்காணம் உப்பளத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவன் பெண்டாட்டி சாலம்மாளைத் தவிர. பாத்திகளுக்கு நடுவே ஒற்றை வரப்பில் நடந்தால் இப்படியும் அப்படியும் சாய்வான். பேச்சு குழறும். ஊருக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பக்கத்து எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்த பிறகு இன்னும் மோசம். தள்ளாடுகிறவனைக் கண்டாலே எல்லோரும் விலகிப் போனார்கள். ஒருநாள் உப்பு வாரிக்கொண்டிருந்த இருசப்பன் பலகையோடு பாத்தியில் குப்புற விழுந்தான். மேஸ்திரி தனகோடி ஓடி வந்து தூக்கினார், நல்ல மனுஷன்தான். தூக்கிய கையோடு, "ஏம்பா, உன்னால எல்லாருக்கும் போலீஸ் தொந்தரவு வந்துடும். நாளையிலருந்து வராத" என்று சொல்லிவிட்டார்.

சாலம்மாள் சும்மா விடுகிற ஆளா? "வாயை மோந்து பாருங்க, நாத்தம் அடிக்குதா?" என்று புருஷனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். அவன் கூனிக் குறுகி நின்றான். இரண்டு பேர் மோந்தும் பார்த்தார்கள். "நாத்தம் வராத சரக்கு போல" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், அந்த வாயில் மண் விழ.

குடி இல்லை என்று ஒரு டாக்டர் வாயால் சொல்ல வைத்தே தீருவது என்று அன்றைக்கு அவளுக்கு வைராக்கியம் வந்தது. மகன் மணிவண்ணன் கம்பெனிக்கு லீவு போட்டு இருவரையும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

நரம்பு டாக்டரம்மா முதலில் கண்ணைத்தான் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை நீட்டி, "தலையைத் திருப்பாம இந்த விரலைப் பாருங்க. இப்ப அந்த விரல்" என்றார். நமக்கெல்லாம் கண் வெடுக்கென்று தாவும். இருசப்பனின் கண் சேற்றில் நடப்பதுபோல ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. முடியாமல் கழுத்தைத் திருப்பினான். டாக்டரம்மா அவன் மோவாயைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது குடி இல்லம்மா. சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமா சுருங்குற வியாதி. அதான் நடை தள்ளாடுது, கண்ணு மெதுவா போகுது."

சாலம்மாள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். வியாதி என்றது காதில் ஏறவே இல்லை. "சொன்னேனே, சொன்னேனே" என்று புருஷன் முதுகைத் தட்டினாள்.

"இவர் வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?"

"இவங்க அப்பாவும் தள்ளாடித்தான் செத்தாரு மேடம். ஆனா அவரு நெசமாவே குடிகாரரு. ஊரே சொல்லும்" என்றாள் சாலம்மாள்.

"எங்கப்பனும் குடிச்சதில்ல" என்றான் இருசப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மா அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, இது பரம்பரையாக வருவது, பிள்ளைகளுக்கும் இறங்கலாம், குணமாக்க மருந்து இல்லை என்று நிதானமாகச் சொன்னார். கதவோரம் நின்ற மணிவண்ணனைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்களும் உட்காருங்க."

மணிவண்ணன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அவன் நடையில் ஒரு கோளாறும் இல்லை, பைக் ஓட்டுகிறான். இந்த விரல், அந்த விரல். கண் கிளம்புமுன் கழுத்து திரும்பிவிட்டது. டாக்டரம்மா மோவாயைப் பிடித்தார். கண் மெல்ல ஊர்ந்தது.

சாலம்மாள் மகனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"டேய் மணி, நேத்து குடிச்சியாடா? அடிக்க மாட்டேன். குடிச்சேன்னு சொல்லுடா."

"இல்லம்மா" என்றான் அவன். "சத்தியமா இல்ல."