பூநாரை வந்தால்தான் மோட்டார்

பக்கத்து வீட்டு மாடிக் கொடியில் ஒரு ரோஸ் கலர் உள்பாவாடை காய்கிறது. இன்று காலை பனியில் அதையே பத்து நிமிடம் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. ரோஸ் கலர் பூநாரை ஞாபகம் வந்தது என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

மாசி பிறந்தும் விடாத இதே மாதிரிப் பனியில்தான், மரக்காணம் உப்பளத்தில் எனக்கு முதல் வேலை. பெயர் என்னவோ சூப்பர்வைசர். செய்தது பறவை பார்ப்பது. எங்கள் முதலாளி ஒரு வருடம் அவசரப்பட்டுப் பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் விட, கடைசி மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிட்டதாம். அதிலிருந்து ரேடியோ சொல்வதை நம்பமாட்டார். மழை ஓய்ந்த பிறகே வரும் பூநாரை வந்து இறங்கினால்தான் மோட்டார் போடுவார். மோட்டார் ஓடினால்தான் வேலை.

அந்த வருடம் தை முடிந்தும் நாரை வரவில்லை. ஐப்பசி மழையிலிருந்து கூலி இல்லாத உப்பளப் பெண்கள், நாரைகளை நான்தான் வீட்டில் கட்டி வைத்திருப்பதுபோல முறைத்தார்கள். அவர்களில் மூத்தவர் அஞ்சலை அக்கா. ஒரு விடியலில் அவர் பாத்தி நடுவே ஐந்து குச்சிகளை நட்டு, ஐந்து ரோஸ் பாவாடைகளைச் சுற்றிவிட்டார்.

"நீ வாயத் தொறக்காத, போதும்" என்றார் என்னிடம்.

முதலாளி மொபெட்டில் வந்தார். செருப்பில் சேறு படும் என்று மோட்டார் கொட்டகையருகே நின்றபடியே பனிக்குள் பார்த்தார்.

"அஞ்சு வந்திருக்குதுப்பா. மோட்டார் போடு."

போட்டேன். தண்ணீர் ஓடத் தொடங்கியது. கூடவே வெயிலும் காற்றும் வந்து தொலைத்தன. பனி கலைய, முதலாளி கண்ணைச் சுருக்கினார்.

"ஏம்பா, நாரைக்கு நாடா இருக்குமா?"

"அது வெளிநாட்டு நாரைங்க" என்றேன். இன்றுவரை நான் சொன்னதிலேயே மட்டமான பொய் அது.

அவர் கை சுவிட்சுக்குப் போனது. அஞ்சலை அக்கா குறுக்கே வந்து நின்றார். "உங்க நாரை எங்கியோ தின்னுட்டு மெதுவா வரும். எங்க புள்ளைங்க இப்பவே சோறு கேக்குதுங்க."

முதலாளி கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஓடட்டும். டேய், மழ வந்துச்சுன்னா அடுத்த வருசம் குச்சிக்குப் பதிலா உன்னத்தான் நடுவேன்."

நல்ல வேளை, மழை வரவில்லை. நிஜ நாரைகள் பத்து நாள் கழித்து வந்தன. பாவாடைகளைப் பார்த்துவிட்டுத் தள்ளியே நின்றன.

இப்போது மழையைச் செல்போன் சொல்லிவிடுகிறது. முதலாளி காலமாகிவிட்டார், மகன் பாண்டிச்சேரியில் உட்கார்ந்தபடியே மோட்டார் போடச் சொல்கிறார். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கின. வந்துடுச்சு என்று கத்த வாயெடுத்தேன். பாத்திகளில் எல்லோரும் எப்போதோ வேலையில் இறங்கியிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்ல விஷயம்தான். ஆனாலும் அந்த நாரைகளுக்காக எனக்கு அவமானமாக இருந்தது.